இருபது புள்ளி ஒன்பது

பிப்ரவரி 11, 2019. திங்கள். பிரிட்ஜ்டவுன், பார்படாஸ்.

காலை ஆறே காலுக்குக் கப்பல் கிளம்பியது. நான் கிளம்பவில்லை. எனக்குப் பதிலாக வேறொரு சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த பொறுப்பு, நேற்றே பறந்து வந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் வேலை பார்த்த கப்பல் என்னை விட்டுவிட்டுப் போவதைக் கரையில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. காற்று கிழக்கு, மிதமானது.

விசாரணை 20ஆம் தேதி. அதுவரை ஓட்டலில் இருக்க வேண்டும். விசாரணைக் குழுவில் கப்பல் தொழில் தெரியாத ஒருவரும் இருப்பாராம். அவருக்கு எப்படிச் சொல்வது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கப்பல் நிலையாக மிதப்பதற்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. பாலாஸ்ட் தொட்டி என்போம். காலியாக மூடிக் கிடந்தால் உள்சுவர் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கிற இரும்பு உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மணமோ நிறமோ கிடையாது. ஆகவே ஆள் இறங்குமுன் ஒரு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அளந்து படிவத்தில் எழுத வேண்டும். நல்ல காற்றென்றால் 20.9 சதவீதம் காட்டும். பத்துக்குக் கீழே போனால் ஆள் சீக்கிரமே நினைவு தப்பி இறந்துபோவார்.

சனிக்கிழமை 9ஆம் தேதி எங்கள் சாரங்கு, அதாவது மேல்தளத் தொழிலாளர்களின் தலைவர், தொம்மை ரொட்ரிகோ, வயது 51, மூன்றாம் எண் தொட்டிக்குள் இறங்கி இறந்துபோனார். தொட்டி வாயில் காவலுக்கு ஆள் வந்து நிற்குமுன்னே தானாக இறங்கிவிட்டார். படிவத்தில் கையெழுத்து என்னுடையது. நேரம் 09.40. மேல் 20.9. நடு 20.9. அடி 20.9.

இவ்வளவுதான்.

பிப்ரவரி 12. செவ்வாய்.

இரண்டு சட்டை துவைத்தேன். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

கம்பெனி ஏற்பாடு செய்த வழக்கறிஞர் மும்பையிலிருந்து பேசினார். "படிவம் சரியா இருக்கு. அதுதான் நம்ம பலம். சொன்னதையே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். சரி என்றேன்.

மாலையில் கேரனேஜ் ஓரமாக நடந்தேன். கேரனேஜ் என்பது ஊருக்குள் நுழையும் ஒரு சிறு கால்வாய்த் துறை. இப்போது உல்லாசப் படகுகள் நிற்கின்றன. அதன் தென்கரையில் கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு பழைய டாக் தெரிந்தது. கப்பல் பழுதுபார்க்கும் துறை. விக்டோரியா ராணி காலத்ததாம். வாசல் பூட்டியிருந்தது.

பிப்ரவரி 13. புதன்.

வாசல் திறந்திருந்தது. பொறுப்பாளர் ஷெரில் பிராத்வைட் என்ற பெண்மணி. ஐம்பதுக்குள் இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, தலையில் மஞ்சள் ஹெல்மெட். நான் கப்பல்காரன் என்றதும் எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார்.

இப்படி ஒரு டாக்கை நான் பார்த்ததில்லை. வழக்கமான டாக்கில் கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்து வெளியேற்றுவார்கள். இங்கே தண்ணீர் அப்படியே இருக்கும். கப்பல்தான் மேலே வரும். இரண்டு கரையிலும் வரிசையாகத் தூண்கள். ஒவ்வொன்றிலும் ஆள் தொடை பருமனுக்கு ஒரு இரும்புத் திருகு. திருகுகளுக்கு இடையில் தண்ணீருக்குள் ஒரு மரத்தளம். கப்பலைத் தளத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி, நீராவி எஞ்சினால் எல்லாத் திருகுகளையும் ஒரே வேகத்தில் சுற்றினால் தளம் கப்பலோடு மேலே எழும்பும். ஸ்க்ரூ டாக் என்று பெயர்.

"ஒரு திருகு மட்டும் பின்தங்கினால்?" என்று கேட்டேன்.

"கப்பல் சாயும்" என்றார் ஷெரில். "அதனால் திருகு ஒன்றுக்கு ஒரு ஆள் நின்று கவனித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எழுதிவைத்தவர்கள் யாருமில்லை."

தளத்து மரங்கள் பல இடங்களில் உளுத்துவிட்டன. இடுக்குகளில் சின்ன மீன்கள். புதுப்பிக்கப்போகிறார்களாம். முதலில் எஞ்சின் கட்டடத்தைச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.

"உங்கள் கப்பல் எங்கே?" என்று கேட்டார்.

"வந்துகொண்டிருக்கிறது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14. வியாழன்.

மழை. வெளியே போகவில்லை. படிவத்தின் நகலை நான்கு தடவை படித்தேன்.

பிப்ரவரி 15. வெள்ளி.

தொம்மையின் தங்கை லண்டனிலிருந்து வந்தார். செலஸ்தீனா. அங்கே ஒரு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். உடலை அடையாளம் காட்டி ஊருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார். கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டு என்னைக் கைகாட்டியதும் நேராக என்னிடம் வந்து, "திரவியம் சார்தான? அண்ணன் உங்களப் பத்திச் சொல்லியிருக்காவ" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"பாளையங்கோட்டைக்காரர், அதட்டமாட்டாருன்னு."

சவக்கிடங்குக்கு உடன் போனேன். நான் வெளியே நின்றேன். அவர் உள்ளே பத்து நிமிஷம் இருந்தார். திரும்பி வந்தபோது கைகளைக் கழுவியிருந்தார். மணிக்கட்டு வரை ஈரம். காரில் ஏறியபிறகு, "ஷேவ் பண்ணிவிடணும். இந்தத் தாடியோட மதினி பாக்கக்கூடாது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவருக்கும் நான் இருக்கும் ஓட்டலிலேயே அறை. இரண்டு மாடி தள்ளி.

பிப்ரவரி 16. சனி.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், அந்தப் பேப்பர நான் பாக்கலாமா? காத்த அளந்து எழுதுன பேப்பர்."

கொடுக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"மூணு எடத்துலயும் ஒரே நம்பரா?"

"நல்ல காத்துன்னா அப்படித்தான் வரும்."

"பிறகு எப்படி செத்தாவ?"

"தொட்டிக்குள்ள தடுப்பு இருக்கும்மா. மேல நின்னு அளந்தா அதுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அவர் காவல் ஆள் வர்றதுக்கு முன்னாடியே தடுப்பத் தாண்டிப் போயிட்டாரு." இது வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த வாக்கியம். தடங்கலில்லாமல் வந்தது.

பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எங்க வார்டுல ஒரு நோயாளிக்கு மூணு தடவையும் ஒரே பிரஷர் எழுதியிருந்தா, அந்தப் புள்ளையத் திரும்பப் போயி எடுக்கச் சொல்லுவேன். அதான் கேட்டேன், தப்பா நினைக்காதீங்க."

"இதுல என்ன இருக்கு."

"அண்ணன் அவசரப்படுற ஆளும் கெடயாது சார். வீட்டுல கேஸ் அடுப்ப அணைச்சாச்சான்னு மதினிகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் படி இறங்குவாவ. அது எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 17. ஞாயிறு.

செலஸ்தீனா கோயிலுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். தலைவலி என்றேன்.

என் மனைவி ஜெபக்கனி போனில் பேசினாள். "அந்தத் தங்கச்சிகிட்ட என்ன பேசுனீங்க?" என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன், சாப்பாடு, சவக்கிடங்கு, பேப்பர். "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்றாள். தூங்குகிறேன் என்றேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகிறது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

பிப்ரவரி 18. திங்கள்.

வரிசையாக எழுதுகிறேன்.

உடலை அனுப்பும் காகிதங்கள் மதியம்தான் கிடைக்கும் என்றார்கள். செலஸ்தீனா அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றார். டாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணி பத்தரை இருக்கும். ஷெரில் அவருக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்து, திருகுகளைக் காட்டினார். செலஸ்தீனா ஒரு திருகைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய துருவைக் கைக்குட்டையில் துடைத்தார்.

எஞ்சின் கட்டடத்துக்குள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தரைக்கடியில் ஒரு பழைய இரும்புத் தொட்டி. கொதிகலனுக்குத் தண்ணீர் சேமித்தது. முப்பது நாற்பது வருஷமாக மூடிக் கிடந்ததாம். மூடியின் போல்ட்டுகளை அறுத்து அப்போதுதான் தூக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஏணியை உள்ளே விட்டார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர், இடுப்பில் டார்ச் செருகிக்கொண்டு, ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தார்.

நான் எப்படி அவ்வளவு தூரத்தைக் கடந்தேன் என்று நினைவில்லை. அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அவர் என்மேல் விழ, இருவரும் தரையில் விழுந்தோம். என் முழங்கை கிழிந்தது.

"காற்றை அளந்தீர்களா?" என்று கேட்டேன். கத்தினேன் என்று பிறகு செலஸ்தீனா சொன்னார்.

மேஸ்திரி ஓடி வந்தார். "பத்து நிமிஷமாகத் திறந்துதான் இருக்கிறது. யார் நீ?" என்றார்.

"அளந்தீர்களா?"

"வெறும் தண்ணீர்த் தொட்டி, மனுஷா. உள்ளே தண்ணீர்கூட இல்லை."

நான் எழுந்து ஏணியை வெளியே உருவிப் போட்டு, மூடியைத் தொட்டி வாயின்மேல் இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்தார். நான் அசையவில்லை. விழுந்த ஆள் தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஷெரில் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பிறகு துறைமுகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். அவர்கள் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை நான் மூடியைவிட்டு எழவில்லை.

தீயணைப்பு வீரர் ஒருவர் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மேலே பதினெட்டு. நடுவில் பதினான்கு. அடியில் அவர் இரண்டு தடவை பார்த்தார். "ஒன்பது" என்றார்.

சிரித்த ஆள் வெளியே போய் மதிலோரம் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

செலஸ்தீனா என்னை டாக் ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்து, முழங்கையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கைக்குட்டையால் கட்டினார். முடிச்சுப் போடும்போது கேட்டார்.

"அண்ணன் இறங்குறதுக்கு முன்னால இப்படி அளந்தீங்களா சார்?"

"இல்ல."

முடிச்சைப் போட்டு முடித்தார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அன்று மதியமே துறைமுகத்தைக் காலிசெய்ய வேண்டியிருந்தது, அதற்குள் தொட்டியைப் பார்வையிட்டாக வேண்டும். மீட்டர் ஆபீஸ் அறையில் சார்ஜில் கிடந்தது. போய் எடுத்துவரப் பத்து நிமிஷம் ஆகும். போன மாதம் பக்கத்துத் தொட்டியைத் திறந்தபோது 20.9 வந்தது, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று மூன்று கட்டத்திலும் அதையே எழுதினேன். காவலுக்கு நிற்க வேண்டியவனை முன்தளத்துக்கு அனுப்பியதும் நான்தான். தொம்மை தொட்டி வாயில் நின்றுகொண்டு, "மீட்டர் விட்டுப் பாத்தாச்சா சார்?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். ஒரு கால் உள்ளே வைத்துவிட்டு மறுபடி கேட்டார். "ஆச்சு தொம்மை, இறங்குங்க" என்றேன்.

"தடுப்பத் தாண்டிப் போனாவன்னீங்களே?"

"தாண்டல. ஏணிக்கடியிலதான் கிடந்தாரு."

"எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?"

"இருபது நிமிஷம்."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நர்ஸ் அல்லவா. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

எழுந்தபோது சொன்னார்: "என்கிட்ட சொன்னாப் பத்தாது சார். புதன்கெழம அங்க சொல்லுங்க. எங்க அண்ணன் அவசரத்துல செத்தாவன்னு ஒரு பேப்பர் ஊருக்கு வரக்கூடாது."

ஓட்டலுக்குத் தனியாக நடந்துபோனார்.

இந்த நோட்டில் 11ஆம் தேதி நான் எழுதியது உண்மையல்ல. கப்பல் லாக் புத்தகத்தில் தவறை அழிக்கக்கூடாது. படிக்கும்படியாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்தேன்.

பிப்ரவரி 19. செவ்வாய்.

வழக்கறிஞரிடம் சொன்னேன். "இதை என்கிட்ட சொன்னதா நான் எடுத்துக்கல. நல்லா தூங்கி எழுந்திரிங்க. உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு, ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க" என்றார்.

ஜெபக்கனியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "அந்தப் படிவத்த வாட்ஸப்புல அனுப்புனீங்களே, அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. உங்க கையெழுத்து எப்பவும் அவ்வளவு நேரா இருக்காது" என்றாள்.

நாளைக்குப் போட வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன்.

பிப்ரவரி 20. புதன்.

துறைமுகக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு வயதான அம்மையார். வழக்கறிஞர் ஸ்பீக்கர் போனில். செலஸ்தீனா பின்வரிசையில்.

என் பழைய வாக்குமூலத்தை என் முன்னால் வைத்து, இதில் மாற்றம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். போனிலிருந்து வழக்கறிஞர் ஒத்திவைக்கக் கேட்டார். தலைவர் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னிடம், "யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இதனால் உங்களுக்கு என்ன நேரும் என்று தெரியுமா?"

"தெரியும்."

சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அந்தத் தொழில் தெரியாத உறுப்பினர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவர் கேட்டபோது ஏன் ஆச்சு என்றீர்கள்?"

"இல்லை என்று சொன்னால் போய் எடுத்துவர வேண்டியிருக்கும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

என் தகுதிச் சான்றிதழை வாங்கி ஒரு கவரில் போட்டார்கள். மேற்கொண்டு வழக்கு வரும், ஊரில் கிடைக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். செலஸ்தீனா படியிறங்கும்போது என்னைத் தாண்டிப் போனார். நிற்கவில்லை.

பிப்ரவரி 21. வியாழன்.

டாக்குக்குப் போனேன். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஒரு காற்றுக்குழாய் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஷெரில் வாசலிலேயே நின்றார். "வானொலியில் சொன்னார்கள். கப்பலில் ஒருவர் இறந்தாராமே. அந்த ஆபீசர் நீங்கள்தானா?" என்றார்.

"ஆமாம்."

"கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்றீர்கள்."

"போய்விட்டது."

அவர் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை நீங்கள் செய்ததற்கு நன்றி. எங்களுக்கும் ஒரு மீட்டர் வருகிறது" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. கை கொடுக்கவுமில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22. வெள்ளி.

செலஸ்தீனா உடலோடு மாலை விமானத்தில் போனார். விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் காகிதங்களில் நானும் ஒரு இடத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போட்டேன்.

"ஷேவ் பண்ணியாச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் போய்விடுவார் என்று நினைத்தேன். நாலு அடி போனவர் திரும்பி வந்தார். "மதினிக்கு நான் இன்னும் எதுவும் சொல்லல. அத நான் சொல்லமாட்டேன். நீங்க வந்து சொல்லணும்."

மார்ச் 13. புதன். தூத்துக்குடி.

ஊருக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்று போனேன். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஒன்றரை மணி நேரம்.

தொம்மையின் மனைவி பெயர் லீதியாள். அடக்கம் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. உறவுக்காரர்கள் நான்கைந்து பேர். நான் இன்னார் என்றதும் ஒருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். நான் உட்காரவில்லை.

உள்ளே வாங்க, காப்பி குடிங்க என்றார்கள். முதலில் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னேன். அங்கே பதினைந்து நிமிஷம் ஆனது இங்கே மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நாற்காலி கொடுத்தவர் என் சட்டையைப் பிடித்தார். லீதியாள், "விடுங்க மச்சான்" என்றார். அவர் விடவில்லை. மறுபடியும் சொன்னபிறகு விட்டார்.

லீதியாள் தாழ்வான குரலில், "கம்பெனிக்காரங்க வந்து, அவுக சொல்லாம கொள்ளாம இறங்கிட்டாவன்னு சொன்னாங்க. ஒரு மாசமா அவுக மேல எனக்குக் கோவம். பெட்டியத் தொறந்து முகத்தப் பாத்தப்பகூட மனசுக்குள்ள ஏசினேன்" என்றார்.



"ஏசினேனே" என்று இன்னொரு தடவை சொன்னார். அது என்னிடம் சொன்னதல்ல.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுக அண்ணன் மாலத்தீவுல இருக்காவ. அடக்கத்துக்கு வர முடியல. சனிக்கெழம வாராவ. அவுகளுக்கும் நீங்களே சொல்லணும். அவுக உங்கள அடிச்சாலும் அடிப்பாவ, நான் இப்பமே சொல்லிட்டேன். வருவீங்களா?" என்றார்.

"வர்றேன்."

காப்பி யாரும் கொடுக்கவில்லை. கடைசி பஸ் கிடைத்தது.

மார்ச் 16. சனி.

போனேன்.